பாட்டையா வீட்டுப் பேரேடு



செமஸ்டர் முடிந்ததும் வகுப்பில் பாதிப் பேர் கொடைக்கானல் கிளம்பினார்கள். நான் போனது காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு. சுற்றிப் பார்க்க இல்லை, ஒரே ஒரு கையெழுத்துப் போட.

எங்கள் பூர்வீக வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. வாங்க வந்தவருடைய வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "பெண் பிள்ளைகள் கையெழுத்தும் வேண்டும்" என்று சொல்லிவிட்டார். வணிகச் சட்டம் படிக்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்! தமிழ்நாட்டில் 1989-லும், மத்தியச் சட்டத்தில் 2005-லும் வந்த திருத்தங்களின்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு உள்ள அதே உரிமை உண்டு. அதனால் அந்த வீட்டில் ஒரு துளி எனக்கும் சொந்தம்.

எவ்வளவு துளி? வீட்டைக் கட்டியவருக்கு மூன்று மகன்கள். அதில் ஒருவர் என் பாட்டையா (அப்பச்சியின் ஐயா). அவருக்கு நான்கு மகன்கள். அதில் ஒருவர் என் ஐயா. அவருக்கு இரண்டு மகன்கள். 3 x 4 x 2 = 24. ஆக என் அப்பச்சியின் பங்கு 24-இல் ஒன்று. அதற்குள் நானும் என் தம்பியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு தூணும் அரைக் கதவும் வரும் என்று தம்பி கிண்டல் செய்தான்.

போவதற்கு முன்னால் ஒன்று தோன்றியது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வீடு போய்விடும். அதற்கு முன் நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்று அந்த வீட்டிடமே கேட்டுப் பார்த்தால் என்ன? ஐந்து நாள் அதற்காகவே தங்கினேன். கிடைத்ததை அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொல்லப்பட்ட கதை

சின்ன வயதிலிருந்து நான் கேட்ட குடும்பக் கதை மூன்றே வரிதான். "நமக்குப் பர்மாவில் பெகுவில் நிறைய நிலம் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டான். எல்லாம் போச்சு."

சாட்சிக்கு ஒரு சாவி உண்டு. உள்ளங்கை நீளத்தில் கனமான இரும்புச் சாவி. பெகு கடையின் இரும்புப் பெட்டகத்துச் சாவியாம் அது. 1942-இல் பாட்டையா ஊருக்குத் திரும்பி வந்தபோது இடுப்பில் இருந்தது அது ஒன்றுதான் என்று அப்பத்தா சொல்வார். இன்றும் சாமி அறையில் ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு வருடமும் முன்னோர்களுக்குப் படைப்பு நடக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு வைப்பார்கள்.

ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23-இல். 1942 மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காடு மலை கடந்து நடந்தே வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். ஆகவே கதையில் பொய் இல்லை. ஆனால் வீடு வேறு ஒன்றும் சொன்னது.

வீட்டின் வயது

செட்டிநாட்டு வீட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் கட்டுக் கட்டாக வீடு. முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பார்ப்பார்கள். அடுத்தது வளவு. வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் அங்கே அறை உண்டு. அதற்கும் பின்னால் சாப்பாட்டுக்கு ஒரு கட்டு, அடுப்படிக்கு ஒரு கட்டு.

தூண் பர்மாத் தேக்கு, தரை ஆத்தங்குடிக் கல், சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு. வெயில் காலத்தில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும்.

ஒரு விஷயம் என்னைப் போன்ற பி.காம். ஆட்களுக்குப் பிடிக்கும். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கூட்டுச் சமையல் கிடையாது. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. புள்ளிக்குப் புள்ளி தனி அடுப்பு, தனிச் செலவு, தனிக் கணக்கு. கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள். எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதை வைத்துத்தான் பங்காளி யார், பெண் கொடுக்கலாமா என்பதெல்லாம் தீர்மானம் ஆகும். புள்ளிக் கணக்கு ஆண் வழிப்பட்டது. நான் கல்யாணம் ஆனால் வேறு ஏதோ கோயிலில் இன்னொருவரோடு சேர்ந்து புள்ளி ஆவேன். பிறந்த வீட்டுக் கோயிலில் நான் எந்தக் காலத்திலும் கணக்கில் வரமாட்டேன். சட்டத்தின் கணக்கில் பங்குதாரர், கோயில் கணக்கில் பூஜ்யம்!

சரி, வீட்டுக்கு என்ன வயது? நிலைக்கதவின் மேலே 'கீலக வருடம்' என்று செதுக்கியிருக்கிறது. தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். கீலக என்றால் 1848, 1908, 1968 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். 1968 இருக்க முடியாது, ஏனென்றால் அப்பத்தா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததே 1950-களில். 1848-உம் முடியாது. நகரத்தார் பர்மாவில் மௌல்மேனில் முதல் கடை போட்டதே 1850 வாக்கில்தான். கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1852-இல். பர்மாப் பணம் வருவதற்கு முன்னால் பர்மாத் தேக்குத் தூண் எப்படி வரும்? ஆக, 1908. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த பெருமையைப் பார்த்து அப்பத்தா, "இதைக் கேட்டா நானே சொல்லியிருப்பேனே ஆத்தா" என்று சிரித்தார்.

நான்கு எழுத்தில் நான்கு தலைமுறை

அடுத்தது பெயர்கள். இதற்கு ஒரு சுலபமான வழி கிடைத்தது. நகரத்தார் கடைகளுக்கு 'விலாசம்' என்று ஒன்று உண்டு. இன்றைய பிராண்டு மாதிரி. தகப்பன், பாட்டன், பூட்டன் என்று முன்னோர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து வைத்த பெயர் அது. ரங்கூனில் முழுப்பெயரைச் சொன்னால் தெரியாதவர்களுக்கும் விலாசத்தைச் சொன்னால் ஆள் தெரியும், அவர் நாணயம் தெரியும். எங்கள் விலாசத்தில் நான்கு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆள். ஐயாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால் இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். முதலில் குழப்பமாக இருந்தது. பிறகு பழைய கல்யாணங்களின் இசைகுடிமானங்கள் கிடைத்தன. கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் பத்திரம் அது. தேதி, ஊர், கோயில், தகப்பன், பாட்டன் பெயர் எல்லாம் இருக்கும். அதையும் விலாசத்தையும் சேர்த்து வைத்ததில் ஆறு தலைமுறைக்கு ஆண்கள் பெயர் வரிசையாக வந்துவிட்டது.

பெண்கள்? விலாசத்தில் ஒரு எழுத்துகூட அவர்களுக்கு இல்லை. பாட்டையாவின் தாயார் பெயர் என்ன என்று கேட்டேன். அப்பத்தாவுக்கே தெரியவில்லை. "பெரிய ஆச்சின்னுதான் சொல்லுவாக" என்றார். கடைசியில் அந்தப் பெயர் கிடைத்தது இருட்டறையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பித்தளைத் தவலையின் விளிம்பில். சீராக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. நூறு வருடம் கழித்து ஒரு கொள்ளுப்பேத்தியின் மகள் வயதில் இருக்கிற நான் புளி போட்டுத் தேய்த்துப் படித்தேன். இந்தத் தவலைகளைத்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எடைக்கு எடை போட்டு வாங்குகிறார்கள்.

பேரேடு

நான்காம் நாள் மேல்மாடிக்குப் போனேன். அங்கே கிழக்குப் பக்கத்துச் சுவர் மட்டும் பூசாமல் செங்கல் தெரிய நிற்கும். சின்ன வயதில் கேட்டபோது, "வேலை நடக்கும்போதே ஜப்பான் சண்டை வந்துடுச்சு, நின்னுபோச்சு" என்றார்கள்.

அந்தச் சுவர் ஓரத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே நீளவாக்கில் தைத்த கணக்குப் புத்தகங்கள், பதினொன்று. வீடு காலி செய்யும்போது பழைய பேப்பர் கடைக்குப் போட ஒதுக்கி வைத்தவை. நான்கு புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது. மீதி ஏழு படிக்கிற நிலையில்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்து சாமி பெயரில் ஒரு கணக்கு! வியாபாரத்தில் வருவதில் ஒரு பகுதி மகமையாகச் சாமி கணக்கில் வரவு. அதற்குப் பிறகுதான் மனிதர்கள் கணக்கு. எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். ௲௨௱ என்றால் 1,200 என்று பிடிபடவே ஒரு மணி நேரம் ஆனது. வருடம், மாதம், நாள், பற்று, வரவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கக்குறி (இவை எல்லாம் இன்று யூனிகோடிலும் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்). ஆனால் அமைப்பு? நாம் முதலாண்டில் படித்த அதேதான். ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம், இடம் பெயர்ந்தால் எந்தப் பக்கத்துக்கு என்ற குறிப்பு, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்க்கும் ஐந்தொகை. பெகு கடையில் இருந்த மேலாள் முதலாளிக்கு அனுப்பிய நகல்கள் என்று புரிந்தது.

அதில் வீடு கட்டிய செலவுக் கணக்கும் இருந்தது. மாடிக்குச் செங்கல், சுண்ணாம்பு, கொத்தன் கூலி. மாதம் தவறாமல் வந்த அந்தச் செலவு பிரசோற்பத்தி வருடத்தில் திடீரென்று நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு செங்கல்கூட இல்லை.

பிரசோற்பத்தி என்றால் 1931-32. ஜப்பான் வருவதற்குப் பத்து வருடம் முன்னால்!

அந்தச் சுவரை நிறுத்தியது ஜப்பான் இல்லை என்றால், யார்?

1930-இல் என்ன நடந்தது

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை உண்டானது. ஐராவதி டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும். பர்மிய விவசாயிகள் அதை வெட்டித் திருத்தி வயலாக்கினார்கள். உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆனது. காட்டை வெட்டவும், மாடு வாங்கவும், அறுவடை வரை சாப்பிடவும் பணம் வேண்டுமே? வெள்ளைக்கார வங்கிகள் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும், சேற்றில் நிற்கிற விவசாயிக்குக் கொடுக்காது. அந்த இடத்தை நிரப்பியவர்கள் நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்து 75 கோடி!

இதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன். அடமானம், நிலம். எல்லாம் நன்றாகத்தான் போனது. 1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் 1930-இல் நெல்லைத் தொட்டது. அடுத்த சில வருடங்களில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது.

இதன் பொருள் என்ன என்று எங்கள் பேரேட்டில் ஒரே ஒரு பக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தின் தலைப்பில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர். பர்மியப் பெயர்களில் 'மா' என்று தொடங்கினால் பெண். பர்மிய வழக்கத்தில் பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டு, கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே கடன் பத்திரம் எழுதுவார்கள். எங்கள் பேரேட்டில் இப்படி 'மா' என்று தொடங்கும் பெயர்கள் நிறைய. எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயர்கூட இல்லாத புத்தகத்தில், கடன் வாங்கிய பெண்களின் பெயர் சுத்தமாக எழுதியிருக்கிறது.

அவர் பிரபவ வருடம் (1927-28) 22 ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்து 1,200 ரூபாய் வாங்குகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை. அதாவது மாதம் 18 ரூபாய். சுக்கில வருடம் பங்குனி (1930 மார்ச்) வரை வட்டி பாக்கி இல்லை, வரவுப் பக்கம் நிறைந்திருக்கிறது. அதோடு சரி. பிறகு வெறும் வெள்ளை. ஆங்கீரச வருடம் சித்திரைக் கடைசியில் (1932 மே) கணக்கு முடிகிறது. இருபத்தைந்தரை மாத வட்டி 459, அசல் 1,200, ஆக 1,659. எதிரே ஒரே ஒரு வரவு: 'நிலம் எழுதி வாங்கியது'. பற்றும் வரவும் சமம். கீழே கோடு.

அவர் சோம்பேறியோ ஊதாரியோ இல்லை. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியவர். நெல் விலை பாதியானபோது அதே 18 ரூபாயைக் கட்ட அவர் இரண்டு மடங்கு நெல் விற்க வேண்டும். வயல் இரண்டு மடங்கு விளையாது. கடன் தொகை பேரேட்டில் மாறவே இல்லை. ஆனால் நெல்லாக அளந்தால் அது இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 'பணவாட்டத்தில் கடன்காரரின் சுமை கூடும்' என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். இரண்டு மதிப்பெண் கேள்வி. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இன்னும் முடியவில்லை. அடுத்த வருடப் புத்தகத்தில் அதே பெயர் மறுபடி வருகிறது. இந்த முறை குத்தகைக் கணக்கில். தன் நிலத்திலேயே குத்தகைக்காரராக, எங்களுக்கு நெல் அளந்திருக்கிறார்.

ஏழு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன். கடன் கணக்குகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, நிலக் கணக்கு வீங்கிக்கொண்டே போகிறது. இது எங்கள் கடையில் மட்டும் நடந்ததில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். ஏழே வருடத்தில் நான்கில் ஒரு பங்கு! "நமக்குப் பெகுவில் நிறைய நிலம் இருந்தது" என்ற முதல் வரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

நஷ்டம் யாருக்கு?

உடனே பாட்டையாவை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஐந்தொகையை நிதானமாகப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது.

லேவாதேவிக்காரருக்கு நிலம் வேண்டாம், ரொக்கம்தான் வேண்டும். ரொக்கம் சுழன்றால்தான் கடை. நிலத்தை விற்றுக் காசாக்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை, எல்லாருமே முடங்கிப்போயிருந்தார்கள். ஐந்தொகையில் சொத்து குறையவில்லை, கடன் என்ற தலைப்பிலிருந்து நிலம் என்ற தலைப்புக்கு இடம் மாறியது அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அனுப்பப் பணம் இல்லை. அதுதான் மாடிச் சுவர் நின்ற கதை. ஒரே விலைச் சரிவு பெகுவில் ஒரு பெண்ணின் வயலையும், எங்கள் ஊரில் ஒரு சுவர்ப் பூச்சையும் எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். சுவர் பூசாவிட்டாலும் நாங்கள் வீட்டில்தான் இருந்தோம்.

அந்த வருடங்களில் பர்மியர்களின் கோபம் சும்மா இருக்குமா? 1930 மே மாதம் ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரம். அதே டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1938-இல் மறுபடி கலவரம். சிலர் காற்று மாறுவதைப் பார்த்து வேறு வழி தேடினார்கள். 1937 பிப்ரவரியில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் திறந்தது. எங்களைப் போன்ற சின்னக் கடைகள் சேற்றில் சிக்கிய வண்டி மாதிரி நிலத்தில் மாட்டிக்கொண்டன.

1942-இல் ஓட்டம். 1948 ஜனவரி 4-இல் பர்மா விடுதலை. அதே வருடம் நிலத்தை அரசுடைமை ஆக்கும் சட்டம். 1962-இல் நே வின் ஆட்சி, 1963-இல் வங்கிகள், 1964-இல் கடைகள் எல்லாம் அரசு கைக்குப் போயின. எங்கள் வீட்டுக்கு இழப்பீடு என்று ஒரு காசு வரவில்லை. பாட்டையா கடைசி வரை "நம்ம நிலம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண்ணும் அவர் பிள்ளைகளும் அதே நிலத்தை அதே வார்த்தையால்தானே சொல்லியிருப்பார்கள்?

எங்கள் குடும்பக் கதையில் 1942 இருக்கிறது, 1932 இல்லை. போனது நினைவிருக்கிறது. வந்த விதம் மறந்துவிட்டது. வரவை எழுதாமல் பற்றை மட்டும் எழுதினால் எந்த வாத்தியாரும் அந்தக் கணக்கை ஏற்கமாட்டார். வேடிக்கை என்னவென்றால், கணக்கு எழுதிய மேலாள் இரண்டையும் சரியாகத்தான் எழுதிவைத்திருக்கிறார். மறந்தது நாங்கள்தான்.

கூட்டம்

ஐந்தாம் நாள் வளவில் பங்காளிகள் கூடினார்கள். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று பல இடங்களிலிருந்து வந்திருந்தார்கள். வீட்டைப் பராமரிக்கும் செலவு, ஒழுகுகிற ஓடு, யாரும் ஊரில் இல்லாதது... அவர்கள் சொன்ன காரணம் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. அதனால் எங்கள் வீட்டு ஓட்டை யாரும் வந்து மாற்றித் தரப்போவதில்லையே.

நான் பேரேட்டைக் கொண்டுபோய் வைத்து, படித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியப்பச்சிதான் ஆரம்பித்தார்.

"இதையெல்லாம் எங்கேயும் எழுதி வைக்காதே ஆத்தா. நம்ம ஆளுக யாரையும் ஏமாத்தலை. பத்திரம் எழுதிக் குடுத்தாக, வாங்கிக்கிட்டோம். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கிறது தப்பா?"

"தப்புன்னு சொல்லலை பெரியப்பச்சி. நடந்ததுன்னுதான் சொல்றேன்."

"நடந்தது எல்லாத்தையும் சொல்லணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்பத்தாதான் சொன்னார். எண்பத்தைந்து வயது, காது பாதிதான் கேட்கும். "உங்க ஐயா கணக்குல ஒரு காலணா விட்டுப்போனா அன்னைக்குத் தூங்கமாட்டாக. இவ அவுக பேத்தி. விடுங்க."

பெரியப்பச்சி அதற்குமேல் பேசவில்லை. சம்மதித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் வைத்த ஒரே நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டார்: பேரேடுகளும், இசைகுடிமானங்களும், பெயர் வெட்டிய தவலையும் கடைக்குப் போகக் கூடாது. 24-இல் ஒன்றில் என் துளிக்கு எனக்கு அவை போதும். சாவி பெரியப்பச்சி வீட்டுக்குப் போகிறது. படைப்பு இனி அங்கேதான்.

கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன், எனக்கு நானே ஒரு விலாசம் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஏழு புத்தகங்களையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வருகிறேன், பாதி முடிந்திருக்கிறது. குடும்ப வரைபடமும் தயார். அதில் தவலையில் கிடைத்த ஆச்சியின் பெயரைச் சேர்த்துவிட்டேன். ஓரத்தில் பெகு கடையில் நிலம் எழுதிக் கொடுத்தவர்கள் பெயரையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் எங்கள் சொந்தம் இல்லைதான். ஆனால் நான் படித்து வளர்ந்த வீட்டுக் கணக்கில் அவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் தேடலாம்

செட்டிநாட்டு வீடுதான் வேண்டும் என்று இல்லை. ஓட்டு வீடோ கூரை வீடோ, பழைய வீடு எதுவானாலும் சரி. எனக்கு உதவியவை இவை:

1. கதவு, தூண், கிணற்றுச் சுவர், உத்தரம் இவற்றில் வருடம் இருக்கிறதா பாருங்கள். தமிழ் வருடம் என்றால் 60-ஐக் கூட்டிக் கழித்து மூன்று வருடமும் எழுதிவைத்து, பொருந்தாததை நீக்குங்கள்.
2. பாத்திரங்களில் வெட்டிய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் பெயர் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.
3. கணக்கு நோட்டு, ரசீது, மொய் நோட்டு எதையும் குப்பை என்று நினைக்காதீர்கள். கதையில் தேதி தப்பும், கணக்கில் பெரும்பாலும் தப்பாது.
4. பாதியில் நின்ற வேலை எதுவும் இருந்தால் ஏன் நின்றது என்று கேளுங்கள். பிறகு அந்தப் பதிலையும் சரிபாருங்கள்.
5. அப்பத்தாவிடம் முதலில் கேளுங்கள். (நான் செய்யாதது!)

அடுத்த கட்டுரை பரீட்சை முடிந்த பிறகுதான். உங்கள் வீட்டில் ஏதாவது கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மீண்டும் சந்திப்போம்!